மருந்தா, புது பிரூடரா, நாமளே லைன் கட்டறதா? கொளத்தூர் தொட்டிக்கு எது சரிப்படும்

மழை விட்டு மார்கழி பனி ஆரம்பிச்சா சென்னை கொளத்தூர்ல வண்ண மீன் வளர்க்கிற வீட்டுல எல்லாம் ஒரே பேச்சுதான், எந்த தொட்டி போச்சு, எவ்ளோ போச்சு. எங்க சித்தப்பாவுக்கு கீழ 22 சிமெண்ட் தொட்டி, மாடியில 14, பாதிக்கு மேல குப்பி மீன், மிச்சம் மோலி, கோல்ட்ஃபிஷ், கொஞ்சம் கோய். போன வருஷம் குப்பியில நாலு தொட்டி மொத்தமா காலி. வால் விரியாம ஒட்டிக்கும், செவுத்துல போய் போய் ஒடம்ப தேச்சுக்கும், பத்து நாள்ல மேல வந்து வாய தொறந்து தொறந்து மூடும், அப்புறம் மிதக்கும். சித்தப்பா அதுக்கு வச்சிருக்க ஒரே காரணம் "லைன் வீக்காயிடுச்சுடா". லைன்னா ஒரே கொணத்தோட தலைமுறை தலைமுறையா பெருக்கிட்டு வர மீன் பரம்பரை. நான் பழைய காலேஜ் லேப் மைக்ராஸ்கோப் ஒண்ணு வாங்கி வந்து ஒரு மீன் ஒடம்புல இருந்து வழவழப்ப சுரண்டி வச்சு பாத்தா, கொக்கி மாதிரி பின்னாடி பிடிச்சுக்கிட்டு அட்டை மாதிரி நெளியுது, ஒண்ணு ரெண்டு இல்ல, கும்பலா. கைரோடாக்டிலஸ். கண்ணுக்கு தெரியாத சைஸ் புழு, முட்டை போடாது, வயித்துக்குள்ள குட்டி இருக்கும், அந்த குட்டி வயித்துக்குள்ள இன்னொரு குட்டி ஏற்கனவே வளந்துட்டு இருக்கும், அதனாலதான் ஒரு மீன்ல ரெண்டு புழு ஏறினா ரெண்டு வாரத்துல நூறு தாண்டுது.

அப்புறம்தான் வீட்டுல பெரிய விவாதம். கையில இருக்க காச எதுல போடறது, எப்பவும் போல மருந்துலயா, வெளியில இருந்து நல்ல பிரூடர், அதாவது இனம் பெருக்க வைக்கிற தாய் தகப்பன் மீன், வாங்கறதுலயா, இல்ல புழு ஏறாத மீனா பாத்து பாத்து நாமளே லைன் கட்டறதா. மூணையும் எடை போட்டு நாங்க எடுத்த முடிவு இங்க இருக்கு, எல்லாருக்கும் ஒத்து வரும்னு சொல்ல மாட்டேன், ஆனா யோசிச்ச விதம் ஒத்து வரலாம்.

மருந்து கதைய மொதல்ல முடிச்சிடறேன், எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். கல்லுப்பு, ஃபார்மலின், மாலசைட் கிரீன், பர்மாங்கனேட், நாய்க்கு குடுக்கற பூச்சி மாத்திரையில இருக்க பிராசிகுவாண்டல். இதுல உப்ப நான் குறை சொல்ல மாட்டேன், குப்பிக்கு உப்பு நல்லா தாங்கும், லிட்டருக்கு 25 கிராம் கரைச்ச தண்ணில 15 நிமிஷம் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே விட்டு எடுத்தா கைரோ பெரும்பாலும் உதிந்துடும். ஃபார்மலின்தான் பயம், தண்ணில இருக்க ஆக்சிஜன இழுத்துடும், நம்ம ஊரு சூட்டுக்கு ஏற்கனவே ஆக்சிஜன் கம்மி, ஏர் பம்பு நின்ன ஒரு கரண்ட் கட்ல முழு தொட்டியும் போகும், அது இல்லாம ஊத்தறவன் மூக்குக்கும் கேடு, அது கேன்சர் வரவைக்கற சாமான். மாலசைட் கிரீன் சாப்பிடற மீனுக்கு தொடவே கூடாது, நம்மது வண்ண மீன் அதனால ஓடுது, அவ்ளோதான்.

மருந்துல இன்னொரு சிக்கல், புழுவுக்கு புழு வித்தியாசம் இருக்குன்னு பல பேரு பாக்கறதே இல்ல. கைரோ குட்டி போடறது, அதனால ஒரு தடவ சரியா மருந்து பட்டா வேலை முடியும். செவுள்ல ஏறுற டாக்டிலோகைரஸ் முட்டை போடறது, முட்டை மேல மருந்து ஏறாது, அதனால பொரிக்கிற கணக்கு பாத்து மறுபடி போடணும். வெள்ளப்புள்ளி நோய்க்கு காரணமான கிருமி, மீனோட தோலுக்குள்ள இருக்கும்போது அத ஒண்ணும் பண்ண முடியாது, கீழ விழுந்து பிளந்து நூத்துக்கணக்குல நீந்தி வரும்போதுதான் சாகும், அதனால விடாம சில நாள் போடணும். மீன் பேன் செவுத்துலயும் கல்லுலயும் முட்டை ஒட்டி வைக்கும், தொட்டிய காய விட்டாதான் அது போகும். எல்லாத்துக்கும் ஒரே பாட்டில்னு கடையில குடுக்கறத வாங்கி ஊத்தினா பாதி நேரம் தண்ணி கலர் மாறினதுதான் மிச்சம்.

ஆனா நான் மருந்து மேல வைக்கிற பெரிய குத்தம் இது எதுவும் இல்ல. எல்லா தொட்டிக்கும் மாசா மாசம் மருந்து அடிச்சுட்டே இருந்தா எந்த மீனு தானா தாங்குது எந்த மீனு மருந்தால தாங்குதுன்னு நமக்கு தெரியவே தெரியாது. ரெண்டும் ஒண்ணா குட்டி போடுது, ரெண்டு குட்டியும் ஒண்ணா விக்கிது. பத்து வருஷமா நாம கலர பாத்து வால பாத்து பொறுக்கிட்டு வந்தோம், புழுவுக்கு யாரு தாங்குவான்னு ஒரு நாளும் பொறுக்கல, அப்புறம் லைன் வீக்காயிடுச்சுன்னா எப்பிடி ஆகாம இருக்கும். அதுலயும் ஒரே குடும்பத்துக்குள்ள திரும்ப திரும்ப ஜோடி போட்டுத்தான் ஃபுல் ரெட், மொசைக் மாதிரி குப்பி வகையெல்லாம் நிக்குது, அப்பிடி சொந்தத்துக்குள்ளயே கட்டிக்கிட்டு வந்தா நோய அடையாளம் காட்டற ஜீன்ல வகை குறைஞ்சிடும், ஒரு புழு ஒருத்தன்கிட்ட ஜெயிச்சா அடுத்தவன்கிட்டயும் ஜெயிக்கும்.

மருந்துக்கு புழுவும் பழகிடும், அது வேற. நார்வேல சால்மன் பண்ணையில கடல் பேனுக்கு தீவனத்துல எமாமெக்டின் கலந்து குடுத்தாங்க, கொஞ்ச வருஷம் அருமையா வேலை செஞ்சுது, அப்புறம் பேன் தாங்க ஆரம்பிச்சிடுச்சு, இப்ப வெந்நீர்ல முக்கறான், பிரஷ்ல தேய்க்கறான், பேன் தின்ற சின்ன மீன கூட விட்டு வளர்க்கறான். அவ்ளோ காசு இருக்க நாட்டுக்கே அந்த பாடு.

சரி, அடுத்தது வெளி பிரூடர். சித்தப்பாவுக்கு இதுதான் பிடிச்ச வழி, "நல்ல எடத்துல இருந்து ரெண்டு ஜோடி எடுத்துட்டு வந்தா முடிஞ்சிது, நீ எதுக்கு கண்ணு மைக்ராஸ்கோப்ப வச்சுக்கிட்டு குந்தினு கீற" அப்பிடின்னாரு. அவரு சொல்றதுல பாதி சரி. உலகத்துல இது நடந்த விஷயம்தான். ரெயின்போ ட்ரௌட் அமெரிக்கா மீன், நூத்தி சொச்சம் வருஷத்துக்கு முன்னாடி ஜெர்மனிக்கு கொண்டு போனாங்க. அங்க மிக்ஸோபோலஸ்னு ஒரு ஒட்டுண்ணி உண்டு, குஞ்சோட குருத்தெலும்ப தின்னும், மீன் நேரா நீந்த முடியாம வட்டமா சுத்தும். ஜெர்மனில ஹோஃபர்ங்கற லைன் அந்த ஒட்டுண்ணியோடவே தலைமுறை தலைமுறையா பண்ணையில கெடந்து கெடந்து தாங்கற மீனாயிடுச்சு. அதே ஒட்டுண்ணி அமெரிக்காவுக்கு போய் 1990கள்ல கொலராடோ ஆத்துல ட்ரௌட் குஞ்சே மிஞ்சாத நெலமை வந்தப்ப, இந்த ஹோஃபர திருப்பி கொண்டு வந்து உள்ளூர் லைனோட கலந்து விட்டாங்க. ஹோஃபர அப்பிடியே விடாம ஏன் கலந்தாங்கன்னா, அது பண்ணையில பழகின மீன், ஆத்துல கொக்கு வந்தா ஓட கூட தெரியாது. ஒண்ணு கெடச்சா ஒண்ணு போகும்.

இதே ஒட்டுண்ணிக்கு இன்னொரு முனை இருக்கு, அது நம்ம ஆளுங்க காதுல விழணும். அது மீன்ல பாதி வாழ்க்கை, டியூபிஃபெக்ஸ் புழுவுல பாதி வாழ்க்கை. நாம சாக்கடையில இருந்து அள்ளிட்டு வந்து பந்து பந்தா மீனுக்கு போடறோமே, அந்த புழு ஜாதிதான். ட்ரௌட்டோட வியாதி நம்ம குப்பிக்கு வராது, ஆனா உயிரோட இருக்க தீனி வழியா எது எது ஏறும்னு யோசிக்க அது போதும். நாங்க புழு போடறத பாதியா குறைச்சு ஆர்ட்டீமியாங்கற பொடி எறால் தீனிக்கு மாறிட்டோம், செலவு ஏறிச்சு, உண்மைதான்.

வெளி பிரூடர்ல மாட்டிக்கிற எடம் ரெண்டு. ஒண்ணு, விக்கிறவரு "எங்க மீனுக்கு நோயே வராது சார்"னு சொல்றது என்ன அர்த்தத்துலன்னு பாக்கணும். எறால்ல இந்த கொழப்பம் எல்லாருக்கும் தெரியும். 2009ல இருந்து வன்னாமி தாய் எறால் வெளிநாட்டுல இருந்து வந்து நீலாங்கரையில இருக்க குவாரண்டைன்ல தங்கித்தான் குஞ்சு பொரிப்பகத்துக்கு போகுது, அதுக்கு எஸ்பிஎஃப்னு பேரு. எஸ்பிஎஃப்னா குறிப்பிட்ட நோய்க்கிருமி அதுகிட்ட இல்லைன்னு அர்த்தம், நோய தாங்கும்னு இல்ல. சுத்தமான எடத்துல வளந்ததாலயே அது அந்த கிருமிய பாத்ததே இல்ல, உங்க குளத்துல பாத்த மொத நாள் மல்லாந்துடலாம். குப்பியிலயும் அதேதான், வெளிநாட்டு ஜோடி பளபளன்னு வரும், நம்ம தொட்டியில இருக்க கைரோவ அது வாழ்க்கையில மொத தடவ பாக்கும். இதுக்கு நார்வேலயே ஒரு கொடுமையான உதாரணம் இருக்கு, இதே கைரோ குடும்பத்துல ஒரு வகை, சலாரிஸ்னு, பால்டிக் பக்கம் சால்மன் அதோட ரொம்ப காலமா வாழ்ந்ததால ஒண்ணும் ஆகாது, 1970கள்ல மீன் மாத்தறப்ப அது அட்லாண்டிக் பக்க ஆறுங்களுக்கு போச்சு, அங்க இருந்த சால்மனுக்கு அத பாத்த பழக்கமே இல்ல, ஆறு ஆறா காலியாச்சு. கடைசியில ஆத்துல விஷம் கலந்து இருக்க மீனெல்லாம் கொன்னுட்டு மறுபடி மீன் விட்டாங்க. வாங்கிட்டு வர பிரூடரு ஒடம்புல எது இருக்குன்னு தெரியாம தொட்டியில விட்டா நாமளும் சின்ன அளவுல அததான் பண்றோம்.

ரெண்டாவது எடம் இன்னும் நுணுக்கம். ஒரு மீனுக்கு புழு ஏறவே மாட்டேங்குது, ஏறினாலும் உதறிடுதுன்னா அது ஒரு விஷயம். புழு ஏறி குடும்பம் நடத்துது, ஆனா மீன் சாகலைன்னா அது வேற விஷயம். ரெண்டாவது வகைய வாங்கிட்டு வந்தா நம்ம வீட்டுல சாவு கம்மியாகும், ஆனா நாம விக்கிற ஒவ்வொரு ஆக்சிஜன் பாக்கெட்டுலயும் புழு போகும், வாங்கினவரு வீட்டு தொட்டியில மத்த மீனெல்லாம் போகும், அவரு திரும்ப நம்ம கடை பக்கம் வர மாட்டாரு. அதனால செத்தது எத்தனைன்னு எண்ணி பிரயோஜனம் இல்ல, புழு எத்தனைன்னுதான் எண்ணணும்.

இப்ப மூணாவது வழி. நாமளே பொறுக்கறது. இத நான் ரொம்ப தூக்கி வச்சு பேசறேன்னு தோணும், கேளுங்க, எல்லா மீனுக்கும் சொல்லல.

நாடு அளவுல பண்றவங்களோட வழி எளிமையானது. ஒவ்வொரு தாய் தகப்பனோட குஞ்சயும் ரெண்டா பிரிப்பாங்க. சால்மன்னா பாதிய எடுத்துட்டு போய் கடல் பேனோட விட்டு எத்தனை ஏறுதுன்னு எண்ணுவாங்க. எண்ணின மீன்ல இருந்து இனம் பெருக்கறது இல்ல, அதோட கூட பொறந்து சுத்தமா இருக்க மிச்ச பாதியில இருந்துதான் பெருக்குவாங்க. அண்ணன் தம்பி தாங்கினா இவனும் தாங்குவான்னு கணக்கு. சால்மன்ல பேன் எண்ணிக்கையில தெரியற வித்தியாசத்துல சுமார் பத்துல ஒரு பங்குல இருந்து மூணு பங்கு வரைக்கும் பரம்பரையால வரதுன்னு பல ஆய்வு சொல்லுது, மிச்சம் தண்ணி, எடம், அதிர்ஷ்டம். கம்மியா தெரியும், ஆனா தலைமுறைக்கு தலைமுறை சேந்துக்கிட்டே போகும். நம்ம நாட்டுல புவனேஸ்வர்ல சிஃபாங்கற நன்னீர் மீன் ஆராய்ச்சி நிறுவனத்துல ரோகுவுக்கு இந்த மாதிரி குடும்பம் குடும்பமா பொறுக்கி 1997ல ஜெயந்தி ரோகுன்னு விட்டாங்க, அது முக்கியமா வளர்ச்சிக்குத்தான், ஆனா வேலை செய்யற முறை இதுதான்.

சால்மனுக்கு ஒரு தலைமுறை மூணு நாலு வருஷம், ரோகுவுக்கு ரெண்டு வருஷம். குப்பிக்கு மூணு மாசம். இதுதான் நம்ம கையில இருக்க துருப்பு. குப்பிக்கும் கைரோவுக்கும் ஆய்வகத்துல வேலை நடந்தது 1980கள்லயே, 1985ல வந்த ஒரு ஆராய்ச்சியில ஒரே இன குப்பிக்குள்ள சிலது புழுவ ஏத்துக்குது, சிலது ஏத்துக்கவே மாட்டேங்குது, அது பரம்பரையா வருதுன்னு காட்டினாங்க. பிளாட்டி ஜாதி மீன் கலப்புக்கு வெள்ளப்புள்ளி அப்பா அம்மாவ விட கம்மியா ஏறுதுன்னும் பாத்திருக்காங்க.

இது எங்க வீட்டுலயே கண்ணுல பட்ட விஷயம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல கீழ் தொட்டியெல்லாம் தண்ணில முங்கி எல்லா லைனும் ஒண்ணா கலந்துடுச்சு, வடிஞ்சப்புறம் வலையில வந்தத எல்லாம் பின்னாடி ஒரு பெரிய தொட்டியில கொட்டிட்டோம், கலப்படம், ஒருத்தனும் வாங்க மாட்டான், ஒரு மருந்தும் அடிக்கல, சித்தி மிச்ச தீனிய போடுவாங்க அவ்ளோதான். அந்த தொட்டிதான் அடுத்த பனிக்கு அசையல. ஒரு தொட்டிய வச்சு தீர்ப்பு எழுத கூடாது, அங்க கூட்டம் கம்மியா இருந்திருக்கலாம், வெயில் பட்டிருக்கலாம். ஆனா மைக்ராஸ்கோப்புல பத்து மீன் பாத்ததுல ஏழு மீன்ல ஒரு புழு கூட இல்ல.

எங்க ஏற்பாடு இப்பிடி. கலப்பட தொட்டியில இருந்து ஆண், ஃபுல் ரெட்டுல இருந்து பொண்ணு. பொண்ணு கன்னியா இருக்கணும், இங்கதான் பல பேரு கோட்டை விடறது, குப்பி பொட்டை ஒரு தடவ சேந்தா மாசக்கணக்குல விந்த உள்ள வச்சுக்கும், அப்பன் யாருன்னே தெரியாம போகும், அதனால மூணு வாரத்துலயே ஆண் பொண்ணு பிரிச்சுடணும். பத்து பொண்ணு, பத்து தனி டப்பா, ஒவ்வொண்ணும் போட்ட குட்டி ஒரு குடும்பம். குட்டி ரெண்டு மாசம் ஆனதும் பாதி சோதனைக்கு, பாதி சுத்தமா மாடிக்கு. சோதனை பாதிய ஒவ்வொண்ணா ஊறுகா பாட்டில்ல விட்டு, புழு இருக்க மீன பக்கத்துல கொஞ்ச நேரம் ஒரசவிட்டு ரெண்டு புழு ஏறினதும் பிரிச்சுடறது. அப்புறம் ரெண்டு நாளைக்கு ஒருக்கா கிராம்பு எண்ணெய் ஒரு சொட்டு கலந்த தண்ணில மயக்கி எண்ணறது, பதினேழு நாள் வரைக்கும். எண்ணறது நானும் சித்தப்பா பொண்ணும், அவ பன்னெண்டாவது படிக்கிறா, என்ன விட வேகமா எண்ணுவா.

ஒரு எச்சரிக்கை. ஒரு தடவ புழுவோ வெள்ளப்புள்ளியோ வந்து பொழச்ச மீனு அடுத்த தடவ தாங்கும், அது ஒடம்பு கத்துக்கிட்டது, குட்டிக்கு போகாது. "இந்த பிரூடர் ரெண்டு பனி பாத்தது"ன்னு பெருமையா வைக்கிறோமே, அது இதுவா அதுவான்னு தெரியாது. அதனாலதான் சோதனைக்கு புழுவே பாக்காத குட்டி வேணும்.

மொத சுத்துல குடும்பத்துக்கு குடும்பம் வித்தியாசம் கண்ணுக்கு முன்னாடி தெரிஞ்சுது, நாலாவதும் ஒம்போதாவதும் எண்ணிக்கை ஏறவே இல்ல, ரெண்டாவதுல ஒரு மீன்ல எண்ண முடியாம விட்டுட்டோம். கஷ்டம் கலர்ல. கலப்படத்து ரத்தம் வந்ததால செவப்பு மங்கிடுச்சு, வால் சின்னது. இன்னும் ரெண்டு மூணு தலைமுறை ஃபுல் ரெட்டோட திருப்பி கட்டி கலர மீட்கணும், மீட்கும்போது தாங்கற கொணம் பாதி நழுவிடாம ஒவ்வொரு தடவயும் எண்ணணும். ஒரு வருஷம் ஆறு தொட்டி காசு பாக்காம கெடக்கும். இத தாங்க முடியாத வீட்டுக்கு நான் இந்த வழிய சொல்ல மாட்டேன், வாடகை தொட்டி வச்சிருக்கவங்க தொட கூட வேணாம்.

கோல்ட்ஃபிஷுக்கு இந்த வழி வேணாம்னு நானே சொல்றேன். ஒரு தடவ முட்டைனா ஆயிரக்கணக்குல, எல்லாம் ஒண்ணா ஒட்டி கெடக்கும், குடும்பம் பிரிக்கணும்னா ஜோடிக்கு ஒரு தொட்டி, தலைமுறைக்கு ஒரு வருஷம். கோய் அதுக்கும் மேல. அங்க தொல்லை மீன் பேனும் நங்கூரப் புழுவும், அதுக்கு தொட்டி காய வைக்கிறது, செவுத்த தேய்க்கிறது, முட்டை ஒட்ட பலகை தொங்க விட்டு வாரா வாரம் எடுத்து வெயில்ல போடறது, புது மீன மூணு வாரம் தனியா வைக்கிறது, இதுலயே முக்கால்வாசி தீந்துடும். பொன்னேரி பக்கம் குளத்துல ரோகு விடற எங்க மாமாவுக்கும் இதேதான் சொன்னேன், நாடு பண்ற வேலைய வீட்டுல பண்ண வேணாம், நல்ல எடத்து குஞ்சு வாங்கு, நெருக்கி விடாத.

குவாரண்டைன நான் தனி வழியா கணக்குல சேக்கல, ஏன்னா அது இல்லாம மத்த மூணுமே வீண். மருந்து அடிச்ச தொட்டியில அடுத்த நாள் சந்தை மீன விட்டா மருந்து காசு போச்சு, கட்டின லைன்ல விட்டா ஒரு வருஷம் போச்சு. ஆளுக்கொரு வலை, தொட்டிக்கொரு வலைன்னு நான் கத்தினப்ப சித்தப்பா சிரிச்சாரு, இப்ப வலை பிடியில அவரே பெயிண்ட் அடிச்சு நம்பர் போட்டு வச்சிருக்காரு.

முடிவா காச இப்பிடி பிரிச்சோம். குப்பியில ஆறு தொட்டி லைன் கட்ட, மிச்ச குப்பிக்கு உப்பு மட்டும், மாசாமாசம் அடிக்கிற பழக்கம் நிறுத்தம், புழு எண்ணி பாத்து ஏறினா மட்டும். கோல்ட்ஃபிஷுக்கும் கோய்க்கும் காய வைக்கிறதும் தேவைப்பட்டா மருந்தும். வெளி பிரூடர் இந்த வருஷம் கிடையாது. சித்தப்பாவோட ஜப்பான் ப்ளூ குப்பி லைன் ஒண்ணு மட்டும் சண்டையில முடிஞ்சிது, அது எல்லாத்துலயும் வீக்கு, பத்து மீன் எடுத்தா பத்துலயும் புழு, விட மாட்டேன்னுட்டாரு, "அது எங்கப்பா காலத்து தொட்டிடா"ன்னு ஒரே வார்த்தை, சரி மாடியில தனியா ஓரமா இருக்கட்டும்னு விட்டாச்சு, அதுக்கு மட்டும் தனி வலை தனி பக்கெட்டு.

இப்ப எங்களுக்கு இருக்க பெரிய குறை ரத்தம். பத்து குடும்பத்துல ரெண்டு மூண மட்டும் வச்சு ஓட்டினா நாலு தலைமுறையில மறுபடி சொந்தத்துக்குள்ள கட்டின கதைதான். கொளத்தூர்லயே வேற யாராவது ஒரு தொட்டியாவது மருந்து அடிக்காம விட்டு, குடும்பம் பிரிச்சு, புழு எண்ணி வச்சிருந்தா ஆண மாத்திக்கலாம், நாலாவதுலயும் ஒம்போதாவதுலயும் எங்ககிட்ட உபரி ஆண் இருக்கு. எண்ணின நோட்டையும் சேத்து எடுத்துட்டு வாங்க, மீன மூணு வாரம் எங்க வாசல் தொட்டியில தனியாதான் வைப்போம், கோச்சுக்க கூடாது.